உன் ஓய்வுக் குறிப்பைப் பற்றி

ஏற்காடு அடிவாரம்,
சேலம்

அன்பு நண்பா,

கிறிஸ்துவுக்குள் வாழ்த்துகள். நாங்கள் இங்கே சுகம். நீயும் தங்கையும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

நீ அமெரிக்காவிலிருந்து அனுப்பிய, பிரின்ஸ்டன் இறையியல் செமினரியின் பழைய மாணவர் இதழ் போன வாரம் வந்து சேர்ந்தது. அதற்குள் நீ வைத்திருந்த கடிதமும் கிடைத்தது. ஓய்வு பெற்றதைப் பற்றி ஐந்து வரியில் ஒரு குறிப்பு கேட்கிறார்கள், எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை, நீ படித்துவிட்டுச் சொல் என்று கேட்டிருக்கிறாய். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவன் இதழை முழுவதும் படித்துவிட்டுத்தான் எழுந்தேன். இன்னாருக்குக் குருப்பட்டம், இன்னாரை இன்ன சபை அழைத்திருக்கிறது, இன்னார் புத்தகம் எழுதியிருக்கிறார், இன்னார் ஓய்வு, இன்னார் கர்த்தருக்குள் நித்திரை. 1812-ல் ஆரம்பித்த கல்லூரி, எத்தனை தலைமுறை ஊழியக்காரர்களை அனுப்பியிருக்கிறது என்று நினைத்தபோது மனது நிறைந்துவிட்டது.

எனக்கு அதில் பிடித்தது கடைசிப் பகுதிதான், மறைந்தவர்களைப் பற்றியது. உயிரோடு இருப்பவர்கள் தங்களைப் பற்றி எழுதும்போது வகித்த பொறுப்புகளை எழுதுகிறார்கள். இறந்தவரைப் பற்றி வீட்டார் எழுதும்போது வேறு விஷயங்கள் வந்துவிடுகின்றன. யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் போய் நிற்பார், சண்டே ஸ்கூல் பிள்ளைகள் எல்லாருடைய பெயரும் அவருக்குத் தெரியும், இந்த மாதிரி. ஒரு போதகரைப் பற்றி நான் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான். அதை ஏன் அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதக் கூடாது?

உன் குறிப்புக்கு வருகிறேன். குருப்பட்டம் பெற்ற ஆண்டு, ஊழியம் செய்த இரண்டு சபைகள், ஒரு வருடம் பிரஸ்பிட்டரியின், அதாவது வட்டாரச் சபைகளின் மன்றத்தின், மாடரேட்டர் (தலைவர்), இப்போது கௌரவ ஓய்வு. எல்லாம் உண்மைதான். ஆனால் ஆஸ்பத்திரி எங்கே?

நீ வேண்டுமென்றே விட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உங்கள் பிரஸ்பிட்டேரியன் சபையின் முறை நம் தென்னிந்தியத் திருச்சபையின் முறை போல இல்லை. இங்கே திருமண்டலம் நம்மைத் தேர்ந்தெடுத்துப் படிக்க அனுப்புகிறது, படித்து வந்ததும் முதலில் உதவி குருவாக டீக்கன், அப்புறம் முழுக் குருவாகப் பிரஸ்பிட்டர், பேராயரின் ஆர்டர் எந்த ஊருக்கு வருகிறதோ அந்த ஊருக்கு மூட்டை கட்டவேண்டியது. அங்கே எபிரெயம், கிரேக்கம் எல்லாம் படித்து, குருப்பட்டத் தேர்வுகளையும் முடித்த பிறகும், ஒரு சபையோ ஒரு ஊழியமோ அழைத்து, பிரஸ்பிட்டரியும் சம்மதித்தால்தான் தலையில் கை வைத்துக் குருப்பட்டம் கொடுப்பார்கள். உன்னோடு படித்தவர்களுக்கெல்லாம் அழைப்பு வந்தது. உன்னை ஒவ்வொரு கமிட்டியாகக் கூப்பிட்டார்கள், பேசினார்கள், காப்பி கொடுத்தார்கள், பிறகு பதிலே போடவில்லை. அந்தக் காலத்தில்தான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் இரவு நேரச் சாப்ளினாகப் போனாய். அதை நீ காத்துக்கொண்டிருந்த காலமாகவே வைத்திருக்கிறாய், ஊழியக் கணக்கில் சேர்க்காமல்.

நண்பா, அப்போது நீ எனக்கு எழுதிய ஏரோகிராம் ஒன்று என் பைபிள் அட்டைக்குள் இன்னும் இருக்கிறது. மடித்த இடத்தில் கிழிந்து, டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு குஜராத்திப் பாட்டி. மகன் வேலை முடித்து வர விடியும் என்றார்கள். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, உனக்குக் குஜராத்தி தெரியாது. நர்ஸ் உன்னைப் பேஜரில் கூப்பிட்டார், நீயும் இந்தியன்தானே என்று. நீ போய்ப் பார்த்தால் பாட்டி போர்வையைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். என்ன வேண்டும் என்று யாருக்கும் புரியவில்லை. நீதான் ஏசி காற்று நேராக அவர்கள் முகத்தில் அடிப்பதைப் பார்த்துக் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாய். பிறகு நம் ஊரில் செய்வது போலச் சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டாய், அவர்கள் அமைதியாகிவிட்டார்கள். மகன் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். கிருபையைப் பற்றி நாம் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் எத்தனை கட்டுரை எழுதினோம்! நான் அதைப் புரிந்துகொண்டது அந்த ஏரோகிராமைப் படித்த அன்றுதான். அதன் பிறகு எந்த மரணப் படுக்கைக்குப் போனாலும் முதலில் காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்ப்பேன். உன் ஊழியத்தின் பலன் சேலத்திலும் இருந்தது, உனக்குத்தான் தெரியாது.

நீ லெஸ்லி நியூபிகினை மறந்துவிட்டாயா? அவர் உன் வழி வந்தவர்தானே. கேம்பிரிட்ஜில் பிரஸ்பிட்டேரியன் சபையின் வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரியில் படித்தார். 1936-ல் எடின்பரோ பிரஸ்பிட்டரியில் குருப்பட்டம், அதே வருடம் கப்பலேறி மதராஸ் வந்தார். வந்த கொஞ்ச நாளில் பஸ் விபத்தில் கால் முறிந்து ஊருக்குத் திரும்ப நேர்ந்தது. தேறி வந்து காஞ்சிபுரத்தில் தமிழில் பிரசங்கம் செய்து, ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு உட்கார்ந்து உபநிஷதமும் யோவான் சுவிசேஷமும் படித்தார். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, பேராயர் என்ற பதவியே இல்லாத பிரஸ்பிட்டேரியன் சபையில் வளர்ந்தவர் 37 வயதில் மதுரை - ராமநாதபுரத்துக்குப் பேராயரானார். பிறகு உலகத் திருச்சபை மன்றத்தில் வேலை, 1965 முதல் சென்னையில் பேராயர். இதுவரை உள்ளதை எந்த இதழும் ஐந்து வரியில் போட்டுவிடும்.

எனக்கு முக்கியம் அதற்கப்புறம் நடந்தது. 1974-ல் ஓய்வு பெற்றதும் அவரும் மனைவி ஹெலனும் இரண்டு சூட்கேஸும் ஒரு முதுகுப் பையும் எடுத்துக்கொண்டு, கிடைத்த பஸ்களில் ஏறித் தரைவழியாகவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். அங்கே சில வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தார், ஐக்கிய சீர்திருத்தச் சபைக்கு மாடரேட்டராகவும் இருந்தார். அதன் பிறகு, எழுபது வயதுக்கு மேல், பர்மிங்காமில் வின்சன் கிரீன் என்ற ஏழைப் பகுதியில், ஜெயிலுக்கு எதிரே இருந்த ஒரு சின்னச் சபைக்குப் போதகராகப் போனார். விரல்விட்டு எண்ணக்கூடிய விசுவாசிகள், மூடிவிடலாமா என்று பேசப்பட்ட சபை. சென்னைப் பேராயராக இருந்தவர் அங்கே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். அவருடைய வாழ்க்கையில் எது உயர்ந்த இடம் என்று என்னைக் கேட்டால் வின்சன் கிரீன்தான் என்பேன்.

இங்கே என் நிலைமையைச் சொல்கிறேன். குருமனையைக் காலி செய்து கொடுத்துவிட்டு இந்தச் சின்ன வீட்டுக்கு வந்துவிட்டோம். மலையில் மழை பெய்தால் அன்று சாயங்காலம் இங்கே ஜில்லென்று காற்று வருகிறது. மூட்டுவலி இருக்கிறது, ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் ஏற்காடு பஸ் ஏறிவிடுவேன். இருபது கொண்டை ஊசி வளைவும் உடம்புக்குப் பழகிவிட்டது. எதற்குப் போகிறேன் என்று உன் தங்கை முறைக்காரி, அதுதான் என் வீட்டுக்காரி, கேட்பதை நிறுத்திவிட்டாள்.

நம் சபைகளில் உள்ளே நுழைந்ததும் சுவரில் கறுப்புக் கல் பலகை ஒன்று இருக்குமே, ஆயர்கள் பெயர் வரிசையாக, எதிரே வந்த வருடம், போன வருடம். நான் கடைசியாக இருந்த சபையில் என் பெயரையும் வெட்டி மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மேலே வெள்ளைக்கார மிஷனரிகள், கீழே நாம். 1827-ல் லண்டன் மிஷன் சேலத்தில் ஊழியம் ஆரம்பித்த காலம் தொட்டு ஆயர்களின் பெயர்களுக்குக் குறைவில்லை, கோட்டையில் கோவிலே லெக்லர் என்ற மிஷனரியின் பெயரில்தான் இருக்கிறது. பக்தியோடு உழைத்தவர்கள், அவர்கள் பெயர் இருக்கட்டும். ஆனால் மலையில் உபதேசியார்கள் பெயர் ஒரு சுவரிலும் கிடையாது. எஸ்டேட் லைன்களுக்கு நடந்து போய் ஜெபம் நடத்தியவர்கள், பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர்கள், காலரா வந்தால் குழி வெட்டியவர்கள். ஆயர் மாதத்துக்கு ஒரு தரம் திருவிருந்து கொடுக்க வருவார், மற்ற நாளெல்லாம் சபை என்றால் உபதேசியார்தான். வீடுகளுக்குப் போய் வேதம் சொல்லிக்கொடுத்த வேதாகமப் பெண்களும் அப்படியே.

அந்தப் பெயர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள், அடக்கப் பதிவேடுகள், சேகரக் கமிட்டி மினிட்ஸ். கரையான் அரித்தது போக மிச்சம் இருப்பதை ஆயர் பெரிய மனதோடு பார்க்கக் கொடுக்கிறார். சாட்சிக் கையெழுத்து இருக்கும் இடத்தில் சில நேரம் உபதேசியார் பெயர் கிடைக்கும், சில நேரம் வெறும் 'உபதேசியார்' என்றே இருக்கும். ஒரு அம்மா, ஆயாவாக வேலை செய்துகொண்டே பல வருடம் பைபிள் வகுப்பு நடத்தியவர், பதிவேட்டில் 'உபதேசியார் மனைவி'யாக மட்டும் இருக்கிறார். அவர் பெயரை நாகலூர் பக்கம் ஒரு வயதானவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த அம்மாவிடம் எழுதப் படிக்கக் கற்றவராம் இவர். பெயரைச் சொல்லும்போதே தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பெண்கள் என்றதும் நம் வகுப்பில் இருந்த அந்த அக்கா நினைவுக்கு வருகிறார், நம்மெல்லாரையும்விட நன்றாகப் பிரசங்கிப்பாரே. போன மாதம் சேலம் வந்திருந்தார். பி.டி. என்ற இறையியல் பட்டம் முடித்துப் பல வருடம் பள்ளிக்கூடத்தில் வேதபாடம் எடுத்துக்கொண்டிருந்தவருக்குத் தாமதமாகத்தான் குருப்பட்டம் கொடுத்தார்கள். 1956-ல் சிரக்யூஸ் நகரில் மார்கரெட் டவ்னர் என்ற பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்த அன்றே அமெரிக்காவில் உங்கள் சபையில் பெண்களுக்கு ஒரு கதவு திறந்துவிட்டது. நம் சபை 1970-களில் கதவைத் திறந்தது, 2013-ல் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மா முதல் பெண் பேராயரானார். ஆனால் திறந்த கதவு ஒவ்வொரு திருமண்டலத்திலும் ஒவ்வொரு வேகத்தில்தான் திறந்தது. அக்காவிடம் வருத்தமா என்று கேட்டேன். வருத்தம்தான் என்றார், நேராக. அதைச் சொன்ன அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

மற்றவர்கள் செய்தி சுருக்கமாக. மெஸ் செக்ரட்டரியாக இருந்தவர் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார், சர்க்கரை கொஞ்சம் அதிகம். வயலின் வாசிப்பவர் கொரோனா காலத்தில் போய்விட்டார், உனக்கு அப்போதே எழுதினேன். நம் திருநெல்வேலிக்காரர் இன்னும் ஞாயிறுதோறும் எங்காவது ஆராதனை நடத்தக் கிளம்பிவிடுகிறார்.

சரி, உன் ஐந்து வரி. மாடரேட்டர் வரியை எடுத்துவிடு என்று சொல்ல மாட்டேன், தங்கைக்கு அதில் சந்தோஷம் உண்டு. இரண்டு சபைகளையும் ஒரே வரியில் சேர்த்துவிடு. கிடைக்கும் இடத்தில் ஆஸ்பத்திரியை எழுது, இரவு வேலை என்றே எழுது. அழைப்பு வராமல் இருந்த காலம் அது என்பதையும் மறைக்காதே. இந்த வருடம் படித்து முடித்து, கமிட்டிகளின் பதிலுக்காக உட்கார்ந்திருக்கும் ஒரு பையனோ பெண்ணோ அந்த இதழைப் படிப்பார்கள். குறிப்பாக நம் நாட்டிலிருந்து போன பிள்ளைகள். அவர்களுக்கு உன் மாடரேட்டர் பதவியைவிட இந்த வரிதான் தேவை. தங்கை பெயரையும் போடு, இரவு நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது கைக்குழந்தையோடு அந்தக் குளிர் தேசத்தில் தனியாக இருந்தது அவள்தானே.

அடுத்த வருடம் வருவதாக எழுதியிருக்கிறாய். டிசம்பரில் வந்தால் மேலே காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள், குளிர் இருக்கும், உனக்கு அது ஒரு குளிரே இல்லை. வீட்டிலேயே தங்கலாம், ஹோட்டல் பேச்சை எடுக்காதே.

அப்புறம் ஒரு உதவி. படிக்கும் காலத்தில் ஒரு கோடை விடுமுறையில் நாம் இரண்டு பேரும் மலையில் ஊழியப் பயிற்சிக்குத் தங்கினோமே, அந்த உபதேசியார் வீட்டம்மா தினமும் நமக்குக் கேழ்வரகுக் களி கிண்டிப் போட்டார்கள். உபதேசியார் பெயர் பதிவேட்டில் கிடைத்துவிட்டது. அந்த அம்மாவின் பெயர் எங்கும் இல்லை, எனக்கும் நினைவில்லை. நீ அப்போது தினமும் டைரி எழுதுவாய். பரணில் இருந்தால் எடுத்துப் பார்த்து உடனே எழுது. உபதேசியார்கள், வேதாகமப் பெண்கள் பெயர்களை வெட்டும் பலகைக்குக் கல் வாங்கியாகிவிட்டது, எழுத்து வெட்டுகிறவர் பட்டியலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன் அரசரடி அறைத்தோழன்