வடிகால் திருகுகள் குறித்து

கிளிநொச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் நலமே. இம்முறை மாரி ஏமாற்றாததால் இரணைமடுக் குளம் நிரம்பியிருக்கிறது. காலபோக நெல்லுக்குப் பசளை போட்டு முடித்துவிட்டதால் பட்டறையில் இருக்க நேரமும் கிடைக்கிறது.

நீர் செய்த சிறிய நீராவி இயந்திரம் கொம்பிறசர் காற்றில் அருமையாக ஓடியது என்றும், ஆகவே சிலிண்டரில் தேங்கும் நீரைத் திறந்துவிடும் சிறு அடைப்பான்களான வடிகால் திருகுகள் வேண்டியதில்லை என்று நினைப்பதாகவும் எழுதியிருந்தீர். அந்த ஒரு முடிவை மட்டும் தயவுசெய்து மாற்றிக்கொள்ளும். காற்று எவ்வளவு குளிர்ந்த இரும்பைத் தொட்டாலும் காற்றாகவே இருக்கும். நீராவியோ தன்னைவிடக் குளிர்ந்த உலோகத்தைத் தொட்ட கணமே நீராகிவிடும். சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தல் அமுக்கத்தில் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 148 பாகை செல்சியஸ் என்பதால், வைகாசி வெயிலில் 35 பாகையில் கிடக்கும் சிலிண்டர்கூட அதற்குக் குளிர்ந்ததுதான். உமது சிலிண்டரின் உள்விட்டம் 19 மில்லிமீற்றர். பிஸ்ரன் முனைக்கு வந்து நிற்கும்போது மூடிக்கும் அதற்கும் இடையே 0.8 மில்லிமீற்றர் இடைவெளி இருப்பதாக எழுதியிருக்கிறீர். கணக்கிட்டுப் பார்த்தால் அந்த இடத்தை நிரப்ப நான்கைந்து துளி நீரே போதும். நீர் அமுங்காது, ஆகவே சுழலும் பெருஞ்சில்லின் விசை முழுவதும் பிஸ்ரன் தண்டை வளைக்கும், அல்லது மூடியின் திருகாணிகளைப் பிய்க்கும். நீராவியை உள்ளே விடும் வால்வு, தட்டையான தளத்தில் வழுக்கும் நழுவு வால்வாக இருந்தால் அது தன் தளத்திலிருந்து சற்றே எழும்பி நீரை வெளியே விட்டுவிடும். உமது இயந்திரத்தில் இருப்பதோ குழலுக்குள் ஓடும் பிஸ்ரன் வால்வு. அதற்கு எழும்ப இடமில்லை.

அந்நாளில் மாங்குளம் நிலையத்தில் புகைவண்டி புறப்படும்போது முன்சில்லுகளின் அருகே இருபுறமும் வெண்ணிறமாக நீராவி சீறுமே, நாம் விலகி நின்று பார்ப்போமே, அது இந்தத் திருகுகள் வழியே வந்ததுதான்.

இனிப் பொருத்தும் முறை. துளை சிலிண்டரின் இரு முனைகளிலும், மிகத் தாழ்ந்த இடத்தில் அமைய வேண்டும். அதனினும் முக்கியமாக, பிஸ்ரன் முனைக்கு வரும்போது துளையை மூடிவிடக்கூடாது. மூடினால் நீர் தேங்கும் அதே வேளையில் வழி அடைபட்டுவிடும். இடம் போதாவிட்டால் துளையைச் சற்றுச் சரிவாக இட்டு, மூடியின் உட்புற விளிம்பில் அரத்தால் சிறு காடி வெட்டிவிடும். பிஸ்ரனைக் கழற்றி வைத்துவிட்டே துளையிடும். உள்ளே ஒரு பித்தளைச் சீவல் தங்கினாலும் சிலிண்டரின் சுவரைக் கீறிவிடும்.

திருகை உமது கையாலேயே கடைவதானால், கூம்பான நடுத்தண்டையும் அதன் உறையையும் முதலில் பிராசோ என்ற உலோக மெருகுத் திரவம் தடவி ஒன்றோடொன்று தேய்த்துப் பொருந்தச் செய்து, அதன் பிறகே இரண்டையும் சேர்த்துக் குறுக்காகத் துளையிடும். துளையிட்ட பின் தேய்த்தால் தண்டு கீழே இறங்கி இரு துளைகளும் விலகிப்போகும். திருகைச் சிலிண்டரில் பூட்டும் புரி அங்குலத்துக்கு 40 ஆனால், ஒரு சுற்றுக்கு அது 0.635 மில்லிமீற்றர் உள்ளே போகும், ஆகவே கைப்பிடி கால் சுற்று விலகி நின்றால் 0.16 மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்பு வாசர் ஒன்றை அடியில் இடுவது போதும். நேராக நிற்க வேண்டும் என்று பலம்கொண்டு முறுக்கினால் புரி அறுந்துவிடும். இரண்டு கைப்பிடிகளும் ஒரே திசையில் நின்றால்தான் ஒரு கம்பியால் இணைத்து ஒன்றாகத் திறக்கலாம்.

திருகுகளிலிருந்து நீரை வெளியே கொண்டுபோகும் குழாய்க்கு 3 மில்லிமீற்றர் செம்பு போதும். மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சி நீரில் தோய்த்தால் அது இளகிவிடும். வளைக்க வளைக்க மீண்டும் விறைக்கும், அப்போது மறுபடி காய்ச்ச வேண்டும். இரு முனைகளின் குழாய்களையும் ஒன்றாக இணைத்துவிட எண்ணாதீர். இரண்டும் திறந்திருக்கும்போது ஒரு பக்கத்து நீராவி மறுபக்கத்துக்கு நீரைத் தள்ளிவிடும். தனித்தனியாக, எங்கும் பள்ளம் விழாமல் சரிவாக இறக்கி, உமது கையும் காலும் இல்லாத பக்கம் நோக்கி விடும். ஈயப் பற்றாசு 183 பாகையிலேயே இளகத் தொடங்குவதால், நீராவி செல்லும் இணைப்புகளுக்கு அதை நம்ப மாட்டேன். வெள்ளிப் பற்றாசு 600 பாகைக்கு மேல் உருகுவது. வெங்காரம் தடவி அதையே பிடிக்கலாம். நகைப் பட்டறை எதிலும் இரண்டும் கிடைக்கும்.

கொதிகலனுக்கு நம்மூர்க் கிணற்றுநீரை ஊற்ற வேண்டாம். கேத்திலில் படியும் அந்த வெண்படிவு திருகுக்குள் போனால் தேய்த்த வேலை வீணாகும். வடிகட்டிய மழைநீரைப் பயன்படுத்தும். கழுத்துவரை நிரப்பவும் வேண்டாம், ஏனெனில் கொதிக்கும் நீரே நீராவியோடு சேர்ந்து சிலிண்டருக்குள் வந்துவிடும். தொடங்கும்போது இரு திருகுகளையும் திறந்து, நீராவியைச் சிறிதளவு விட்டு, பெருஞ்சில்லைக் கையால் முன்னும் பின்னுமாக உருட்டி, துப்புவது நின்று உலர்ந்த நீராவி வந்த பிறகு மூடும். நிறுத்தியதும் மறுபடி திறந்துவிடும். இல்லாவிட்டால் கொதிகலன் குளிரும்போது இயந்திரத்துக்குள் வெற்றிடம் உண்டாகி, எண்ணெய் ஊட்டும் கிண்ணத்தில் தேங்கிய நீரைச் சிலிண்டருக்குள் இழுத்துக்கொள்ளும்.

என்னிடம் நல்ல வெண்கலக் கோல் மிச்சமிருக்கிறது. சிலிண்டர் சுவரின் தடிப்பையும், அடிப்பலகையிலிருந்து சிலிண்டர் எவ்வளவு உயரம் என்பதையும் அளந்து அனுப்பினால், திருகுகள் இரண்டையும் நானே கடைந்து தை பிறந்ததும் வவுனியாவுக்குக் கொண்டுவருகிறேன். அதுவரை நீராவி ஏற்ற வேண்டாம்.

உமது அன்பு நண்பன்