பிரிண்டர் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு, வேலூரிலிருந்து ஒரு மெக்கானிக்

ஐயா, அம்மா,

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு கடை வைத்து பிரிண்டர், ஜெராக்ஸ் மிஷின் சர்வீஸ் செய்கிறேன். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நீங்கள் கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்புவதை நான் தரையில் செய்தித்தாள் விரித்துக் கழற்றிப் போடுகிறவன். உங்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எந்த ஸ்குரூவை எந்த மூடிக்குப் பின்னால் ஒளித்து வைப்பீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

போன வருடம் நடந்தது இது. எங்கள் பக்கத்தில் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். வாடகை ஒப்பந்தத்தில் பெரிய லேசர் மிஷின் ஒன்று வைத்திருந்தார்கள். டோனர் என்கிற மைப்பொடி குறைந்தால் மிஷினே நெட் வழியாகக் கம்பெனிக்குத் தகவல் அனுப்பிவிடும், கூரியரில் கார்ட்ரிட்ஜ் வந்து இறங்கிவிடும். யாரும் போன் போட வேண்டியதில்லை. கேட்கவே நன்றாகத்தான் இருக்கிறது. ஏப்ரல் மாதம் அந்த மிஷின் பேப்பர் எடுப்பதை நிறுத்தியது. ட்ரே நிறைய பேப்பர், திரையில் மட்டும் 'பேப்பர் இல்லை'. ஒப்பந்தக்காரரிடம் புகார் பதிந்தார்கள், ஆள் வரவில்லை. மூன்று வாரம் ஆபீஸே கீழே இறங்கி ஜெராக்ஸ் கடையில் வரிசை நின்றது, பென்டிரைவும் கையுமாக. நான்காவது வாரம் அங்கே வேலை செய்யும் அக்கா ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

ட்ரேயை உருவி, உள்ளே கையை விட்டு, பேப்பரை இழுக்கும் பிக்கப் ரோலரைத் தடவிப் பார்த்தேன். ரப்பர் சொரசொரப்பாக இருக்க வேண்டும். இது பளிங்கு மாதிரி வழுவழுவென்று இருந்தது. பேப்பர் தூசி படிந்து, வெயிலில் இறுகி, மெருகு ஏறிவிட்டது. ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து ரோலரை மூன்று சுற்று துடைத்தேன். துணியில் வெள்ளையாக மாவு மாதிரி வந்தது. காயவிட்டு மாட்டினேன், பேப்பர் ஓடியது. எல்லாம் சேர்த்து இருபது நிமிடம்.

ட்ரேயைத் தள்ளி மூடும்போது அந்த அக்கா பக்கத்தில் இருந்த பீரோவைத் திறந்து காட்டினார். உறை பிரிக்காத டோனர் கார்ட்ரிட்ஜ் ஆறு. டோனர் கொஞ்சம் குறைந்ததுமே மிஷின் அடுத்ததைக் கேட்டுவிடுகிறது. இவர்களோ பழையதைக் குலுக்கிக் குலுக்கிக் கடைசிப் பொடிவரை ஓட்டுகிறவர்கள். மிச்சமெல்லாம் பீரோவில் சேர்ந்துவிட்டது.

அன்றைக்கு ஓடிய யோசனைதான் இந்த மடல். டோனர் எவ்வளவு போயிருக்கிறது என்று கணக்குப் பார்க்கும் அதே மிஷின், அந்த ரோலர் எத்தனை பேப்பர் இழுத்திருக்கிறது என்றும் எண்ணி வைத்திருக்கிறது. சர்வீஸ் மெனுவுக்குள் போனால் எண் தெரியும். ஆனால் அதற்குள் போக எந்த பட்டனை எத்தனை நொடி அழுத்த வேண்டும் என்பது உங்களுக்கும் உங்கள் டீலருக்கும் மட்டும்தான் தெரியும், எங்களைப் போலக் கெஞ்சிக் கேட்டு வாங்கினவர்களுக்கும். விற்கிற சரக்கு தீர்ந்தால் மிஷினுக்கு வாய் வந்துவிடுகிறது. துடைத்தால் தீரும் கோளாறு என்றால் ஊமையாகிவிடுகிறது.

உங்கள் வேலையைக் குறைத்துப் பேசவில்லை. 1959இல் வந்த ஜெராக்ஸ் 914 முன்னூறு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. உள்ளே பேப்பர் சிக்கினால் சூட்டில் பற்றிக்கொள்ளும் என்று கூடவே தீயணைப்பான் கொடுத்தார்களாம். அதை விலைக்கு வாங்க முடியாதவர்கள் மாதம் 95 டாலர் வாடகைக்கு எடுத்தார்கள். 2000 நகல்வரை அந்த வாடகையிலேயே அடக்கம், அதற்கு மேல் நகலுக்கு இவ்வளவு என்று கணக்கு. அந்தக் கணக்குக்காகத்தான் மிஷினில் மீட்டர் உட்கார்ந்தது. வாடகை வசூலிக்க வந்த மீட்டர்தான் பின்னால் எந்தப் பாகம் எப்போது தேயும் என்று சொல்லும் கருவியாகவும் ஆனது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1982இல் கேனன் கொண்டுவந்த கார்ட்ரிட்ஜ். அதற்கு முன் டோனரைத் தாளுக்குக் கொண்டுபோகும் உருளையான டிரம் தனி, டோனர் தனி, துடைக்கும் பிளேடு தனி. எது தேய்ந்தாலும் மெக்கானிக் வர வேண்டும். அடிக்கடி கெடும் இவற்றையெல்லாம் ஒரே டப்பாவில் அடைத்து, 'தீர்ந்ததா, டப்பாவையே மாற்று' என்றார்கள். இரண்டு வருடம் கழித்து வந்த ஹெச்.பி. லேசர்ஜெட்டுக்குள்ளும் கேனனின் எஞ்சின்தான். மெக்கானிக்கே வேண்டாம் என்று கண்டுபிடித்த பொருளை வைத்து நான் இத்தனை வருடம் சோறு சாப்பிடுகிறேன் என்பது தனி வேடிக்கை. டப்பாவைத் திறந்து, பொடி நிரப்பி, டிரம் மாற்றிக் கொடுப்பதுதானே எங்கள் பிழைப்பு.

1995இல் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக 'பிரிண்டர் எம்.ஐ.பி.' என்று ஒரு விதி வந்தது. எந்த ட்ரே காலி, எந்த மூடி திறந்திருக்கிறது, எந்தப் பொருள் எவ்வளவு மிச்சம் என்று நெட்வொர்க் வழியாக யார் கேட்டாலும் மிஷின் ஒரே முறையில் பதில் சொல்ல அது வழி செய்தது. இது நல்ல காரியம். பெரிய ஆபீஸில் ஒருவர் நாற்காலியை விட்டு எழாமலே நாற்பது பிரிண்டரைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் குடியாத்தத்திலும் பள்ளிகொண்டாவிலும் நான் போகிற இடங்களில் ஒரு மிஷின், ஒரு கம்ப்யூட்டர், நடுவில் ஒரு யூ.எஸ்.பி. கேபிள். சின்ன மாடல் என்றால் திரைகூடக் கிடையாது, இரண்டு விளக்குதான். ஆரஞ்சு எத்தனை தரம் மின்னுகிறது என்று வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள். சாப்பிடும்போதுகூட அதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்புறம் எங்கள் ஊர் வெயில். ஏப்ரல், மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். பள்ளிக்கூடத்தில் இங்க் பிரிண்டர் இருக்கும். கோடை விடுமுறையில் அதைத் தொட ஆள் இருக்காது. ஜூனில் திறந்தால் இங்க்கைத் தெளிக்கும் ஹெட்டில் இங்க் காய்ந்து அடைத்திருக்கும். ஆபீஸ் கிளார்க் 'ஹெட் கிளீனிங்' அழுத்துவார். வராது. திரும்ப அழுத்துவார். அப்படி அழுத்தும்போதெல்லாம் நல்ல இங்க் உறிஞ்சப்பட்டு அடியில் இருக்கும் பஞ்சுப் பட்டைக்குப் போகிறது. அதை வேஸ்ட் இங்க் பேட் என்பார்கள். பட்டை நிஜமாகவே ஊறிவிட்டதா என்று மிஷின் பார்ப்பதில்லை, எத்தனை தரம் எவ்வளவு போனது என்று எண்ணுகிறது. எண்ணிக்கை முடிந்ததும் பிரிண்டர் மொத்தமாகப் படுத்துவிடும். பட்டையைக் கழுவிக் காயவைத்தாலும் எழுந்திருக்காது. உள்ளே இருக்கும் எண்ணைப் பூஜ்யமாக்க வேண்டும். அதற்கு ஒரு சாப்ட்வேர், அந்த சாப்ட்வேருக்கு ஒரு கீ. கீயை எவனோ முகம் தெரியாதவன் நெட்டில் விற்கிறான். அவனுக்குக் காசு அனுப்பிவிட்டு, வைரஸ் வராமல் இருக்க வேண்டுமே என்று நான் ஜலகண்டேஸ்வரரைக் கும்பிடுகிறேன்.

இங்க் மேஜையில் வழியாமல் இருக்க அந்த எண்ணிக்கை வேண்டும்தான், ஒத்துக்கொள்கிறேன். சில புது மாடல்களில் அந்தப் பட்டையைத் தனி டப்பாவாக்கி, வாங்கினவரே கழற்றி மாட்டும்படி செய்திருக்கிறீர்கள். அதைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்கு என் கடையில் டீ உண்டு. விலை குறைந்த மாடலுக்கு மட்டும் அது ஏன் வரவில்லை?

டோனர் கார்ட்ரிட்ஜில் இருக்கும் சிப் விவகாரமும் இதே ஜாதிதான். தாளில் விழும் புள்ளிகளைக் கூட்டித்தான் பல மாடல்கள் டோனர் தீர்ந்ததா என்று முடிவு செய்கின்றன. 'தீர்ந்தது' என்று சொன்ன கார்ட்ரிட்ஜைக் கவிழ்த்தால் டீ டம்ளரின் அடி மறைகிற அளவுக்குப் பொடி கொட்டியதை நான் பார்த்திருக்கிறேன். சில மாடலில் அந்த எச்சரிக்கையைத் தாண்டி ஓட்டலாம். சிலதில் சிப் ஒத்துக்கொள்ளாது. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2017இல் லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் கம்பெனியின் வழக்கில், கார்ட்ரிட்ஜை விற்ற பிறகு அதன்மேல் காப்புரிமையைக் காட்டி வாங்கினவரைத் தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. தீர்ப்பு இருக்கட்டும், பூட்டைப் போடுவது நீங்கள்தானே.

உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க புரோகிராமரின் கதை தெரிந்திருக்கும். 1980 வாக்கில் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பிரிண்டர் ஒரு மாடியில், ஆட்கள் வேறு மாடியில். பழைய பிரிண்டரில் பேப்பர் சிக்கினால், பிரிண்டுக்குக் காத்திருப்பவர்கள் திரைக்கே செய்தி போகும்படி அவர் புரோகிராமை மாற்றி வைத்திருந்தார். யாராவது எழுந்து போய்ப் பேப்பரை உருவிவிடுவார்கள். புதிதாக ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் வந்தது. அதன் புரோகிராமை மாற்றத் தேவையான மூல நிரலைத் தரவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவரிடம் நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று அவர் கையை விரித்துவிட்டார். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983இல், யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளும்படி புரோகிராம் எழுதும் குனு திட்டமாக வந்தது. பேப்பர் சிக்கினதை யாரிடம் சொல்வது என்ற சின்ன விஷயம் எங்கே போய் நின்றது பாருங்கள். நான் இயக்கம் எல்லாம் தொடங்கப் போவதில்லை. கடை வாடகை கட்டவே சரியாக இருக்கிறது.

நான் கேட்பது கொஞ்சம்தான். மூடியின் உள்பக்கம் வெறும் வெள்ளை பிளாஸ்டிக்காக விட்டிருக்கிறீர்களே, அங்கே ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒரே கறை தாளில் திரும்பத் திரும்ப வந்தால் நாங்கள் ஸ்கேல் வைத்து அளப்போம். சின்ன லேசர் மிஷின் பலவற்றில் 75 மில்லிமீட்டருக்கு ஒரு தரம் வந்தால் டிரம்தான் குற்றவாளி, ஏனென்றால் 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம்மின் சுற்றளவு அதுதான். இந்த அட்டவணையை சர்வீஸ் மேனுவலில் பூட்டி வைக்கிறீர்கள். மூடியில் ஒட்டினால் ஆறாவது படிக்கும் பிள்ளைகூட அளந்து சொல்லும். விளக்கு மின்னுவதன் அர்த்தத்தையும் அங்கேயே எழுதுங்கள். ரோலர் எண்ணிக்கையைச் சாதாரண மெனுவில் காட்டுங்கள், 'துடைக்கவும்' என்று ஒரு வார்த்தை போதும். பாகத்தை மாற்றினபின் எண்ணைப் பூஜ்யமாக்கும் வழியை, பாகத்தோடு வரும் தாளிலேயே கொடுங்கள்.

அதையெல்லாம் தமிழில் கொடுங்கள். 1995 விதியிலேயே செய்தியை எந்த மொழியில் காட்டுவது என்பதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். மெனுவில் போலந்து மொழி இருக்கிறது, துருக்கி மொழி இருக்கிறது. நான் கை வைத்த ஒரு மிஷினிலும் தமிழ் இல்லை. இங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் தெருக்களில் ஜெராக்ஸ் கடைக்காரர்கள் வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளுக்காகப் பெங்காலியில் போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். கடைக்காரருக்கு அது தோன்றியிருக்கிறது.

2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போனும் மற்ற மின்னணுப் பொருளும், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு வகை. உங்கள் சர்வீஸ் மேனுவலும் பாகங்களின் விலையும் அங்கே வந்தால் கள்ளக் கீ விற்பவனுக்கு நான் காசு அனுப்புவதை நிறுத்திவிடுவேன்.

அப்புறம் ஒன்று. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகளில் பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் சேர்த்தி. அந்த அலுவலகத்தின் ஒப்பந்தம் முடிந்து மிஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆறு கார்ட்ரிட்ஜும் இன்னும் அதே பீரோவில், உறைகூடப் பிரிக்காமல். புதிதாக வந்த மாடலுக்கு அது பொருந்தாது. எந்த முகவரிக்கு அனுப்புவது என்று எழுதுங்கள், நானே அட்டைப்பெட்டியில் கட்டிக் கொண்டுபோய் கூரியரில் போடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பிரிண்டர் மெக்கானிக்
சத்துவாச்சாரி, வேலூர்