பயிற்றுநர் என்ற இடத்தில் யார் பெயர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக மாணவர்கள் தாமாக முன்வந்து நடத்தும் வீடியோ கேம் உருவாக்க வகுப்பைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். உடன் வந்த படத்தில் பல்கலைக்கழகப் பெரியவர்கள் குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். பாடம் நடத்திய மாணவர்களில் ஒருவர் பெயரும் கட்டுரையில் இல்லை. இதைக் குறையாகச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை, ஏனென்றால் இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன்.

ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். 2022-ல் மூன்றாமாண்டு மாணவர்கள் ஐந்து பேர் வந்து, சனிக்கிழமை பிற்பகல்களில் ஆய்வகத்தைத் திறந்து தந்தால் இளைய மாணவர்களுக்கு கேம் செய்யக் கற்றுத்தருவதாகக் கேட்டார்கள். சாவி வாங்கித் தந்ததும் கடிதத்தில் கையொப்பமிட்டதும்தான் என் பங்கு. பாடத்திட்டம், பயிற்சித் தாள், வராதவர்களுக்குப் போன் செய்வது எல்லாம் அவர்களுடையது. ஆய்வகக் கணினிகளில் எந்த மென்பொருளை நிறுவுவதற்கும் அட்மின் கடவுச்சொல் வேண்டும். அதைப் பெற மூன்று கையொப்பங்கள் வேண்டும். மாணவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. நிறுவாமலே திறந்து பயன்படுத்தக்கூடிய, கட்டணமில்லாத ‘கோடோ’ (Godot) என்ற கேம் உருவாக்கும் மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுவந்து முதல் நாளே வகுப்பைத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு வகுப்பு இன்னும் நினைவிருக்கிறது. ஒரே நிரல் ஆய்வகக் கணினியில் பந்தை நத்தையாக நகர்த்தியது, ஒரு மாணவரின் புதிய மடிக்கணினியில் பந்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் திரைக்கு வெளியே தள்ளியது. ஒரு பிரேமுக்கு, அதாவது திரையில் படம் ஒருமுறை புதிதாக வரையப்படும்போதெல்லாம், ஐந்து பிக்ஸல் நகர வேண்டும் என்று எழுதியிருந்ததுதான் காரணம். நொடிக்கு முப்பது பிரேம் வரையும் கணினியும் நூற்று நாற்பத்து நான்கு பிரேம் வரையும் கணினியும் அந்தக் கட்டளைக்கு ஒரே வேகத்தில் கீழ்ப்படிய முடியாது. பாடம் நடத்திய மாணவி, “எத்தனை அடி எடுத்து வைத்தாய் என்று பந்தைக் கேட்காதீர்கள், எவ்வளவு நேரம் நடந்தாய் என்று கேளுங்கள்” என்று சொல்லி, நொடிக்கான வேகத்தை இரு பிரேம்களுக்கு இடைப்பட்ட நேரத்தால் பெருக்கிக் காட்டினார். பல ஆண்டுகள் கணினி வரைகலை நடத்திய நான் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

இன்னொரு குழு, டவுன் பஸ் நடத்துநர் சில்லறை கொடுக்கும் விளையாட்டைத் தமிழிலேயே செய்ய விரும்பியது. அன்றைய கோடோவின் மூன்றாம் பதிப்புக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. ‘கொடு’ என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. அந்த மாணவர்கள் சொற்களைப் படங்களாக வரைந்து ஒட்டிச் சமாளித்தார்கள். 2023 மார்ச்சில் நான்காம் பதிப்பு வந்ததும் அந்தச் சிக்கல் தீர்ந்தது என்பதை எனக்குச் சொன்னவர்களும் அவர்களே.

பிறகு, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழுவின் வருகைக்காகக் கோப்புகள் தயாராயின. முப்பது மணி நேரம் நிறைந்த வகுப்பு என்பதால், வழக்கமான பாடத்திட்டத்துக்கு வெளியே நடத்தும் மதிப்புக்கூட்டுப் பாடங்களின் பட்டியலில் இதையும் சேர்த்தார்கள். பயிற்றுநர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. படிவத்தில் அந்த இடம் ஆசிரியருக்கு மட்டும்தான் என்றார்கள். நானும் மறுக்காமல் கையொப்பமிட்டேன். அந்த ஐவருக்கும் ‘பங்கேற்றார்’ என்ற சான்றிதழ் கிடைத்தது, அதாவது அவர்களிடம் படித்தவர்களுக்குக் கிடைத்த அதே சான்றிதழ்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை என்று அப்போது நினைத்தேன். அந்த ஐவரும் வளாக நேர்காணல்களை முடித்து வேலைக்குப் போனபின், அவர்களிடம் படித்த அடுத்த அணி ஆய்வகத்தைக் கேட்டபோது அலுவலகத்தில் கிடைத்த பதில் இது: “அது சார் நடத்தின கோர்ஸ், சார்தான் ரிட்டயர் ஆயிட்டாரே.” காகிதத்தில் வகுப்பு என்னுடையதாக இருந்ததால் என்னோடு அதற்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கற்பிக்கத் தயாராக நாலு பேர், கற்க நாற்பது பேர் வாசலில் நின்றபோதுதான் இது நடந்தது.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1981-லிருந்து ‘டீகால்’ என்ற பெயரில் மாணவர்களே வகுப்புகளை நடத்தி வருகிறார்கள். வீடியோ கேம் உருவாக்கமும் அவ்வழியே கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஏன், 2009-ல் ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டின் உத்திகளைப் பற்றியே ஒரு வகுப்பு நடந்தது. அங்கும் ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், பாடத்திட்டத்துக்குத் துறையின் ஒப்புதல் வேண்டும். 98, 198 என்ற பாட எண்களின் கீழ் ஒன்றிரண்டு கிரெடிட்டும் உண்டு; மதிப்பெண் போட்டி இல்லை, தேர்ச்சி அல்லது தேர்ச்சியின்மை, அவ்வளவே. ஆனால் வகுப்பை நடத்துபவர் மாணவர் என்பதை எவரும் மறைப்பதில்லை. பொறுப்பேற்கும் ஆசிரியர் வேறு, நடத்தும் மாணவர் வேறு என்று காகிதத்திலேயே பிரித்து வைத்திருப்பதால் ஒருவர் விலகும்போது வகுப்பும் விலகுவதில்லை.

தங்கள் கட்டுரை அந்த வகுப்பை முறையான விருப்பப் பாடமாக்கித் தேர்வு வைக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அப்படிச் செய்தால் கேள்வித்தாளும் இரண்டு மதிப்பெண் வினாக்களும் வரும், வகுப்பு மறுபடியும் என் போன்ற ஒருவரின் பெயருக்குப் போகும். அதற்கு முன்பாக, படிவத்தில் பொறுப்பாசிரியர் என்ற வரிக்குக் கீழே ‘நடத்தும் மாணவர்கள்’ என்று இன்னொரு வரி சேர்த்து, ஒவ்வொரு பருவத்தின் இறுதியிலும் அடுத்த அணியின் பெயர்களை அதில் எழுதிவைக்கும்படி அந்தப் பல்கலைக்கழகத்தைத் தங்கள் இதழ் கேட்கலாம்.

அந்த மாணவர்கள் இசைந்தால், அவர்களின் பெயர்களை அடுத்த இதழில் வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி அறிவியல் ஆசிரியர்,
கோயம்புத்தூர்.