அபராதம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னைத் தெருக்களில் மாடுகளைத் திரியவிடுவோருக்கு மாநகராட்சி விதிக்கும் அபராதம் பற்றிய செய்தியைப் படித்தேன். 2024-ல் அது முதல் முறைக்கு 10,000 ரூபாய், மறுமுறைக்கு 15,000 என உயர்த்தப்பட்டது. 2023-ல் அரும்பாக்கத்தில் பள்ளி முடிந்து வந்த சிறுமியை மாடு முட்டித் தூக்கியெறிந்ததைப் பார்த்த எவரும் இந்தக் கண்டிப்பு வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அபராதத்தால் மாடு கட்ட இடம் கிடைத்துவிடாது. நகர்ப்புறத்தில் கால்நடை வளர்க்க உரிமம் வேண்டும் என்று 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒற்றை அறை வீட்டில் இருப்பவர் தொழுவத்துக்கு எங்கே போவார்?

எங்கள் தெருவில் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றும் ஓர் அம்மா, விடிகாலையில் கறந்து முடித்ததும் கயிற்றை அவிழ்த்து விட்டுவிடுவார். நிழலும் இல்லை, வைக்கோல் போட இடமும் இல்லை. ஒருமுறை மாட்டைப் பிடித்துப் போனபோது காதுத் தோட்டை அடகு வைத்துத்தான் மீட்டார். அப்புறமும் மாடு அதே தெருவில்தான் நிற்கிறது.

மாநகராட்சி கட்டும் பொதுத் தொழுவங்கள், விடிகாலையில் பால் கறக்க நடந்து போகும் தூரத்தில், வார்டுதோறும் அமைய வேண்டும். கட்ட இடம் கொடுத்த பிறகும் தெருவில் விடுபவரிடம் முழு அபராதத்தையும் வாங்கட்டும்.

- ஒரு வாசகி, வியாசர்பாடி