இன்னும் 17 இருக்கு

புதுக்கோட்டை

அன்புள்ள பாப்பா,

தனுஷ்கோடி தாண்டி ரோடு முடிகிற அரிச்சல்முனை வரைக்கும் சைக்கிளிலேயே போய்விட்டு வந்தேன். மூன்று நாள், 200 கிலோமீட்டருக்கும் மேலே. அப்பா அனுப்பிய போட்டோவைப் பார்த்திருப்பாய். அதில் நானும் டீச்சரும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம், அவ்வளவுதான் தெரியும். மீதியை போனில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

டீச்சர் என்றால் உனக்கு எட்டாம் வகுப்பில் கோ-கோ சொல்லிக்கொடுத்த நம் எதிர்வீட்டு பி.டி. டீச்சர்தான். ரிட்டயர் ஆகி மூன்று வருஷம் ஆகிறது. நீ தீபாவளிக்கு அனுப்பிய பணத்தில் கியர் சைக்கிள் வாங்கினேன் இல்லையா, அதை வாசலில் நிறுத்திய அன்றே வந்து பார்த்தார். "சீட் ரொம்பக் கீழே இருக்கு, இப்படி ஓட்டினா முட்டி போயிடும்" என்று அவரே ஸ்பேனர் எடுத்து வந்து உயர்த்தினார். பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டுமாம். முப்பது வருஷமாக அது தெரியாமலே மிதித்திருக்கிறேன். மறுநாள் காலையில் திருக்கட்டளை வரைக்கும் போனோம். பிறகு தினமும். பொங்கல் முடிந்து ஒரு நாள், "தனுஷ்கோடி போலாமா?" என்றார். நான் யோசிக்கவே இல்லை, சரி என்றேன்.

எனக்கு சைக்கிள் வந்த கதை உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். 1992-இல் எனக்கு 20 வயது, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தேன். நம் மாவட்டத்துக்குக் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். லட்சம் பெண்களுக்கு மேல் அந்தச் சமயத்தில் கற்றுக்கொண்டோம். தெருவில் நின்று கேலி பேசியவர்கள் இருந்தார்கள். நாங்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தோம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிள்தான். அது எங்களுக்கு இன்னும் வசதி, முன்பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம். உன்னையும் அந்த பாரில் துண்டைச் சுற்றி உட்காரவைத்துத்தான் அங்கன்வாடிக்குக் கூட்டிப்போனேன். ஆனால் அதெல்லாம் மூன்று கிலோமீட்டர், நான்கு கிலோமீட்டர். ஊர் எல்லை தாண்டி சைக்கிளை எங்கே கொண்டுபோனேன்?

முதல் நாள் அறந்தாங்கி, மீமிசல் வழியாக தொண்டி. அது சுகமான நாள். காற்று வடகிழக்கிலிருந்து இடது தோளுக்குப் பின்னால் வந்து தள்ளிக்கொடுத்தது. டீச்சர் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை, தாகம் எடுக்கிறதோ இல்லையோ, இரண்டு மடக்குத் தண்ணீர் குடிக்க வைத்தார். புளிச்சோறும் கடலை மிட்டாயும் வாழைப்பழமும்தான் சாப்பாடு. அப்பா வேனில் பின்னாலேயே வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தார், வேண்டாம் என்றுவிட்டேன். தினமும் சாயங்காலம் போன் பண்ணுகிறேன் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன்.

இரண்டாம் நாள்தான் நான் உனக்குச் சொல்ல வந்தது. தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாண நவக்கிரகங்களைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது என் பின்சக்கரம் பஞ்சர். டீச்சர் டியூப் மாற்றினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேன். அதில் முக்கால் மணி நேரம் போனது. ராமநாதபுரம் தாண்டியதும் ரோடு கிழக்கே திரும்புகிறது பார், அதுவரை முதுகில் இருந்த காற்று அப்படியே முகத்துக்கு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நிழலே இல்லை. உச்சிப்புளியைத் தாண்டியதும் எனக்குத் தொடை நடுங்க ஆரம்பித்தது. சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு மைல்கல் மேல் உட்கார்ந்து அழுதேன். உண்மையாகவே அழுதேன் பாப்பா. வந்த தூரமும் வீணாகப் போகப்போகிறது என்று தோன்றியது.

யாராக இருந்தாலும் அப்போது என்ன சொல்வார்கள்? "இந்தா வந்துட்டோம், கொஞ்ச தூரந்தான்" என்பார்கள். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். டீச்சர் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அழுது முடிக்கும் வரை பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "மண்டபத்துக்கு இன்னும் 17 இருக்கு. எதிர்க்காத்து குறையாது. மணிக்குப் பத்துக்கு மேல போக முடியாது, அதனால ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆகும். கஷ்டமாத்தான் இருக்கும். நான் முன்னாடி போறேன். என் பின்சக்கரத்தை மட்டும் பாத்துக்கிட்டு வாங்க. நிக்கணும்னா பெல் அடிங்க, நிப்பேன்."

17 என்று கேட்டதும் எனக்குப் பயம் போய்விட்டது. ஏனென்று அப்போது புரியவில்லை. ஒரு முழம் இடைவெளி விட்டு அவர் சக்கரத்துக்குப் பின்னால் போனேன். முன்னால் ஒருத்தர் காற்றை வாங்கிக்கொண்டால் பின்னால் வருகிறவருக்கு அவ்வளவு லேசாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் விலகினால் போதும், காற்று அறைகிறது. திரும்பவும் ஒட்டிக்கொண்டால் அடங்குகிறது. அவருக்கு 63 வயது, எனக்காக அந்தக் காற்று முழுவதையும் நெஞ்சில் வாங்கினார். வேகமாகப் போகக்கூடியவர். வழி முழுக்க என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். நான் நான்கு தடவை பெல் அடித்தேன். நான்கு தடவையும் நின்றார். மண்டபம் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

மறுநாள் விடியலில் பாம்பன் பாலம். 1988-இல் திறந்த ரோட்டுப் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். பக்கத்தில் 1914-இல் கட்டிய பழைய ரயில் பாலமும் 2025-இல் திறந்த புதியதும். நடுவில் நின்று கீழே பார்த்தேன், படகுகள் தீப்பெட்டி மாதிரி தெரிந்தன. பிறகு ராமேஸ்வரம், அங்கிருந்து தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் தின்றுவிட்டுப் போன சர்ச்சின் சுவர்கள் இன்னும் மணலில் நிற்கின்றன. டீச்சர் அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் நின்றார். கடைசி ஐந்து கிலோமீட்டர் இரண்டு பக்கமும் கடல். அங்கே அவர், "இப்ப நீங்க முன்னாடி போங்க" என்று பின்னால் வந்துவிட்டார். அரிச்சல்முனைத் தூண் தெரிந்ததும் திரும்பிப் பார்த்தேன், ஒரு முழ இடைவெளியில் வந்துகொண்டிருந்தார்.

காலை ஒன்பது மணி. உனக்கு அங்கே விடிகாலை நாலரை. தூங்குகிறாய் என்று கூப்பிடவில்லை. அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது உன் முதல் நவம்பர் ஞாபகம் வந்தது. கோபன்ஹேகன் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "நாலு மணிக்கே இருட்டிடுதும்மா, ஒரு மாதிரியா இருக்கு" என்று போனில் சொன்னாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்ச நாள்தான், பழகிடும்." அதற்கப்புறம் நீ இருட்டைப் பற்றிப் பேசவே இல்லை. பழகிவிட்டாய் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கஷ்டம் இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி இருக்கிறது என்று நீ என்னிடம் சொல்ல வந்தாய். நான் கேட்கவில்லை. மன்னித்துக்கொள்.

இப்போது பிப்ரவரி. அங்கே ஐந்து மணி வரை வெளிச்சம் இருக்குமே? ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எடுத்ததும் "நல்லாயிருக்கேம்மா" என்று சொல்லாதே. வேலை எப்படி இருக்கிறது, அந்த மேனேஜர் இன்னும் அப்படித்தான் இருக்கிறாரா, ராத்திரி தூக்கம் வருகிறதா, எல்லாம் உள்ளது உள்ளபடி சொல். நான் நடுவில் பேச மாட்டேன். அப்பாவை டிவியை அணைக்கச் சொல்கிறேன்.

முட்டி வலி குறைந்துவிட்டது. டீச்சர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். நீ ஜூனில் வரும்போது உனக்கும் ஒரு சைக்கிள் பார்த்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா