ட்ரையல் செய்தியில் செலவுக் கணக்கையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிய சிகிச்சை ஒன்று கிளினிக்கல் ட்ரையலில் தேறியது என்று செய்தி வரும்போது, ‘செலவும் கட்டுப்படியாகும்’ என்ற வரியும் கூடவே வந்துவிடுகிறது. மருந்து வேலை செய்ததா என்று நான்கு பத்தி அலசுகிறவர்கள்கூட அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதைச் சோதித்துப் பார்க்கப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

முதலில் கேட்க வேண்டியது, செலவு சராசரியா, நடுமதிப்பா என்பது. ஒரு பிரிவில் 100 நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். 90 பேருக்குத் தலைக்கு 10,000 ரூபாய்; சிக்கலாகி ஐசியு வரை போன 10 பேருக்குத் தலைக்கு 2 லட்சம். மொத்தம் 29 லட்சம், சராசரி 29,000. வரிசையில் நடுவே நிற்பவரின் செலவோ வெறும் 10,000. புள்ளிவிவரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் நடுமதிப்பைப் போடுவது மருத்துவ ஆய்வாளர்களுக்குப் பழக்கம். வேறு அளவீடுகளுக்கு அது பொருந்தும், பணத்துக்குப் பொருந்தாது. 10,000-ஐ நம்பி 100 பேருக்கு பட்ஜெட் போடுகிற அதிகாரிக்கு 19 லட்சம் துண்டு விழும். ஐசியுவுக்குப் போன அந்தப் பத்துப் பேரின் பில்லையும் யாரோ கட்டித்தானே ஆக வேண்டும்?

பலனை அளக்க ‘க்வாலி’ (QALY) என்ற அலகு இருக்கிறது; வாழ்ந்த ஆண்டுகளை அப்போதைய ஆரோக்கிய மதிப்பெண்ணால் பெருக்கினால் கிடைப்பது அது. நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, அன்றாட வேலை, வலி, மனக்கவலை ஆகிய ஐந்தையும் நோயாளியிடம் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். முழு ஆரோக்கியம் 1, மரணம் 0. மதிப்பெண் 0.6-ஆக ஐந்தாண்டு வாழ்ந்தால் 3 க்வாலி, 0.8 என்றால் 4. கூடுதலாகக் கிடைத்த அந்த 1 க்வாலிக்கு எவ்வளவு கூடுதல் செலவு என்பதே விஷயம். பிரிட்டனில் எந்தச் சிகிச்சைக்கு அரசு மருத்துவச் சேவை பணம் தரலாம் என்று பரிந்துரைக்கும் ‘நைஸ்’ அமைப்பு, ஒரு க்வாலிக்கு நெடுங்காலம் 20,000 முதல் 30,000 பவுண்டு வரை ஏற்றுவந்தது. இந்தியாவில் இத்தகைய மதிப்பீட்டுக்காக 2017-ல் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் ‘எச்டிஏஇன்’ (HTAIn) என்ற அமைப்பு வந்தது. இங்கே ஒரு க்வாலிக்கான செலவைப் பெரும்பாலும் தனிநபருக்கான உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிடுகிறார்கள். அந்த ஐந்தையும் கேட்கும் கேள்வித்தாளை எப்போது கொடுத்தார்கள் என்பதும் முக்கியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓபிக்கு வரும்போது மட்டும் கேட்டால், நடுவில் பக்கவிளைவால் படுத்திருந்த வாரம் கணக்கிலேயே வராது.

எந்தச் செலவைச் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல் அதிகம். ஆராய்ச்சிக்காக மட்டும் எடுத்த ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் கழித்துவிட வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கழிக்க முடியாது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) வீட்டிலிருந்தபடி ஓராண்டு மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில்) சேர்க்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டது. 1959-ல் வெளியான முடிவின்படி, நல்ல சாப்பாடும் ஓய்வும் சானடோரியத்தில் இருந்தும், வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. படுக்கைச் செலவு மிச்சம் என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் வீட்டிலிருந்தவர்கள் மருந்தை விடாமல் சாப்பிடுகிறார்களா என்று ஊழியர்கள் வீடு தேடிப் போனார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அது ஆராய்ச்சிச் செலவா, சிகிச்சைச் செலவா? அந்தக் கண்காணிப்பு இல்லாமல் அதே பலன் கிடைக்காது என்றால் அது சிகிச்சைச் செலவுதான். அதைக் கழித்துக் கணக்குக் காட்டினால், பின்னால் அரசுத் திட்டத்தில் ஆள் போடப் பணம் இருக்காது.

அரசு மருத்துவமனையில் பில் இல்லை என்பதற்காகச் செலவு பூஜ்யம் ஆகிவிடாது. படுக்கை, செவிலியரின் நேரம், ஆய்வகம் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. நோயாளியின் பஸ் கட்டணமும் கூட வந்தவர் இழந்த கூலியும் தனி. அரசின் கணக்கில் லாபமாகத் தெரிவது குடும்பத்தின் கணக்கில் நஷ்டமாக இருக்கலாம். எனவே யார் கணக்கு என்பதைச் செய்தியிலேயே சொல்ல வேண்டும். ‘செலவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை’ என்ற வாசகத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். ட்ரையலில் எத்தனை பேரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது பெரும்பாலும் மருந்தின் பலனை வைத்துத்தான். ஆளுக்கு ஆள் பல மடங்கு மாறும் செலவில் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க அந்த எண்ணிக்கை பெரும்பாலும் போதாது.

ட்ரையல்களுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே செலவுப் படிவம் தயாராக இருக்கிறதா என்று பாருங்கள். ஓராண்டு கழித்து, ‘வெளியே எத்தனை முறை டாக்டரைப் பார்த்தீர்கள், மெடிக்கலில் எவ்வளவு கொடுத்தீர்கள்’ என்று கேட்டால் வருகிற பதில் ஊகமாகத்தான் இருக்கும். உங்கள் நிருபர்கள் கூடுதல் செலவு, கூடுதல் பலன், யார் கணக்கு என்ற மூன்றையும் ஆய்வாளரிடம் கேட்டு வாங்கி, செய்தியோடு ஒரு சின்னப் பெட்டியில் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
மருத்துவப் புள்ளியியல் துறையினர், சென்னை