செயலாளர் ஆண்டறிக்கை 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். நமது திரைப்படக் கழகத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

இந்த ஆண்டில் பத்துத் திரையிடல்கள் நடந்தன. செயற்குழு ஐந்து முறை கூடியது. குழந்தைகளுக்கான கோடைத் திரையிடலுக்கு வழக்கம்போல் நல்ல கூட்டம். மழையால் தள்ளிப்போன நவம்பர் திரையிடல் டிசம்பரில் நடந்தது. ஒலிபெருக்கி ஒன்று பழுதுபார்க்கப்பட்டது.

ஜனவரியிலும் பிப்ரவரியிலும் காட்டிய இரண்டு வங்காளப் படங்களைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மிருணாள் சென் 1960-ல் எடுத்த 'பாய்ஷே ஸ்ராவண்', சத்யஜித் ராய் 1973-ல் எடுத்த 'அசனி சங்கேத்'. இரண்டுமே 1943 வங்காளப் பஞ்சத்தில் சிக்கிய ஒரு கணவன், மனைவியின் கதை. "விடுமுறை நாளில் வந்து பட்டினியையா பார்ப்பது?" என்று உறுப்பினர்கள் சிலர் என்னிடம் தொலைபேசியில் கேட்டார்கள். செயலாளர் தன் விருப்பத்தைக் கழகத்தின் மேல் திணிக்கிறார் என்றும் ஒரு பேச்சு. செயற்குழுவின் ஒப்புதலோடுதான் இப்படங்கள் தேர்வாயின என்பதைக் குறிப்பேட்டில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஆனாலும் என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இவை பிணக்குவியலைக் காட்டும் படங்கள் அல்ல. 'பாய்ஷே ஸ்ராவண்' படத்தின் நாயகன் ரயிலில் சாமான் விற்றுப் பிழைக்கும் நடுத்தர வயதுக்காரன். வயதில் மிக இளைய மாலதியை மணக்கிறான். மாலதியாக வருபவர் மாதவி முகர்ஜி. நான்கு ஆண்டு கழித்து ராயின் 'சாருலதா' படத்தின் நாயகியாக நாம் கண்ட அதே முகம். முதலில் அவர்களுக்குள் கூச்சமும் சிரிப்பும் நிறைந்த ஒரு நல்ல வாழ்க்கை அமைகிறது. பிறகு தாயின் சாவு, விபத்து, வேலையிழப்பு, போர், அரிசித் தட்டுப்பாடு. ஒரு நாள் கிடைத்த சோற்றை அவன் குனிந்த தலை நிமிராமல் முழுவதும் தின்று முடிக்கிறான். அவளுக்கு ஒரு பருக்கை இல்லை. அந்த மனிதன் கெட்டவன் அல்ல என்று நமக்குத் தெரியும். அதனால்தான் பார்க்க முடியவில்லை. படத்தின் தலைப்பான ஸ்ராவண மாதம் 22-ஆம் நாள் தாகூர் மறைந்த நாள். அதையே இவர்களின் திருமண நாளாக வைத்திருக்கிறார் சென்.

ராயின் படத்தில் நேர்மாறு. ஊருக்கு வாத்தியாரும் புரோகிதருமான கங்காசரணாக சௌமித்ர சட்டர்ஜி, மனைவி அனங்காவாக வங்கதேச நடிகை பபிதா. நெல் குத்தக் கூலிக்குப் போகிறாள் பிராமணப் பெண் அனங்கா. கணவனுக்கு மானம் போகிறது. ஆனால் அவள் கொண்டுவரும் அரிசிதான் அடுப்பேறுகிறது. வயலெல்லாம் பச்சைப்பசேல் என்றிருக்கும்போதே பஞ்சம் வருகிறது. அந்தப் பசுமைக்காகவே இதை வண்ணத்தில் பார்க்க வேண்டும். பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது பெற்ற படம். இந்தியத் திரைப்படக் கழகங்களின் சம்மேளனம் 1959-ல் உருவானபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் ராய். அவர் படத்தைக் காட்டுவதற்குக் காரணம் கேட்கும் நிலை நம் கழகத்துக்கு வந்தது எனக்கு வருத்தமே.

இந்த இரு படங்களுக்கும் தமிழில் வசன ஏடு தயாரித்தேன். நான்கு மாத வேலை. நம் ஊருக்கு மாற்றலாகி வந்திருக்கும் வங்காள நண்பர் ஒருவர் ஞாயிறுதோறும் என் வீட்டில் உட்கார்ந்து வரி வரியாக விளக்கினார். முன்னுரையில் பஞ்சத்தின் வரலாற்றையும் எழுதினேன். 1942-ல் பர்மா ஜப்பானிடம் வீழ்ந்து அரிசி வரத்து நின்றது. எதிரி கைக்குப் போய்விடும் என்று கிராமத்துப் படகுகளை அரசே பறித்தது. அந்த அக்டோபரில் மேதினிப்பூர் பக்கம் புயல் அடித்தது. விலை ஏற ஏறப் பதுக்கலும் ஏறியது. அரிசி அடியோடு இல்லாமல் போகவில்லை, வாங்கும் சக்திதான் கூலியாட்களுக்கு இல்லாமல் போனது என்று 1981-ல் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் தன் நூலில் விளக்கினார். இறந்தவர்கள் 15 லட்சம் என்றது அரசின் விசாரணைக் குழு. பிந்தைய கணிப்புகள் 30 லட்சம் வரை போகின்றன.

ஒரு சொல்லை நண்பர் சொன்னபோது எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டேன். கல்கத்தாத் தெருக்களில் வாசல் வாசலாக நின்றவர்கள் சோறு கேட்கவில்லை. "ஃப்யான் தாவ்" என்றார்கள். வடிகஞ்சி கொடுங்கள் என்று பொருள். சோறு கேட்டால் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வசன ஏடு நூறு படிகள் அச்சிட்டோம். ஜனவரித் திரையிடலுக்கு வந்தவர்கள் பதினான்கு பேர். செயற்குழுவினர் ஒன்பது பேரில் வந்தவர்கள் மூவர். மீதிப் படிகள் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. ஆனால் அன்று மண்டபத்தைப் பெருக்க வந்த அம்மா கதவருகே துடைப்பத்தோடு நின்றபடியே கடைசிவரை பார்த்தார். விளக்கைப் போட்டதும், "அந்தப் பொண்ணுக்கு ஒரு பிடி வைத்திருக்கலாமே ஐயா" என்றார். படத்தின் கடைசியில் மாலதிக்கு நேரும் முடிவைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை, அந்த ஒரு பிடியைப் பற்றித்தான் பேசினார். பிப்ரவரியில் தன் மகளையும் அழைத்து வந்தார். இந்த ஆண்டின் சிறந்த பார்வையாளர்கள் இவர்கள் இருவரும்தான் என்று இவ்வறிக்கையில் பதிவு செய்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகத் தாக்கல் செய்வார். சுருக்கமாகச் சொன்னால், வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். அச்சுச் செலவில் ஒரு பகுதியை நான் ஏற்றுக்கொண்டேன், அது கணக்கில் வராது. உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சந்தா பாக்கி வைத்திருக்கிறார்கள். சிலருக்கு இது மூன்றாவது ஆண்டு. ஆண்டுக்கு 600 ரூபாய், அதாவது மாதம் ஐம்பது. நேரில் மூன்று முறை போய்க் கேட்டும் "அடுத்த வாரம்" என்றவர்களின் வீட்டுக்கு நான்காவது முறை போக என் மனம் ஒப்பவில்லை.

மண்டப வாடகையில் சலுகை தந்த நிர்வாகத்தினருக்கும், அச்சகத்தாருக்கும், தணிக்கையாளருக்கும், தலைவருக்கும், வங்காள நண்பருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மிருணாள் சென்னின் 'அகாலேர் சந்தானே' படத்தைக் காட்ட எண்ணியிருக்கிறேன். 1943-ஐப் படமெடுக்க 1980-ல் ஒரு கிராமத்துக்குப் போகும் குழுவின் கதை; ஸ்மிதா பாட்டீல் நடித்தது. கூடவே நம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய 1876–78 தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி ஒரு மாலைப் பேச்சு. வசன ஏட்டை எழுதித் தர நான் தயார். அடுத்த செயலாளர் வேறொருவராக இருந்தாலும் எழுதித் தருவேன். மண்டபத்துக்கு முன்பணம் ஜூன் 15-க்குள் கட்ட வேண்டும். பொருளாளர் இன்று வாசலருகே ரசீதுப் புத்தகத்தோடு அமர்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்தும் அரை மணி நேரம் அங்கேயே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்